வாப்பாவின் சொத்தை ஃபராயிள்படி பங்கிட: முதன்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வாப்பா (தந்தை) மவுத்தான (இறந்த) பிறகு அவர்களுடைய சொத்தைப் பங்கிட்டு முடிக்க எங்களுக்கு 19 மாதங்கள் ஆயின. அதில் ஏறக்குறைய ஓராண்டு, ஆரம்பத்தில் நாங்கள் செய்த ஒரு தவறைத் திருத்துவதிலேயே போயிற்று. யாரிடம் முதலில் போக வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அரபுக் கல்லூரிகளில் ஃபராயிள் என்று தனிக் கலையாகக் கற்பிக்கப்படும் வாரிசுரிமைக் கணக்கு, பாடத்திட்டத்தில் பழைமைக்காக வைத்திருக்கும் ஒரு பாடம் என்றே நானும் எண்ணியிருந்தேன். ஆனால் 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி, தமிழ்நாட்டில் ஒரு முஸ்லிம் விட்டுச்சென்ற வீடும் நிலமும் வங்கிப் பணமும் இன்றைக்கும் அந்தக் கணக்கின்படிதான் பிரிகின்றன. விவசாய நிலத்துக்கு இது பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். 1949-இல் சென்னை மாகாணத்தில் செய்த திருத்தத்துக்குப் பிறகு இங்கே அந்த விலக்கு இல்லை. வட்டாட்சியரோ சார்பதிவாளரோ வங்கி மேலாளரோ இந்தக் கணக்கைப் போட்டுத் தர மாட்டார்கள். நாம் கொண்டுபோகும் கணக்கைத்தான் அவர்கள் ஏற்றுப் பதிவு செய்வார்கள். அது பிழையாக இருந்தால் பிழையே பத்திரமாகிவிடும். நாங்கள் பட்ட அலைச்சல் இன்னொரு குடும்பத்துக்கு வரக்கூடாது என்பதற்காக, செய்ய வேண்டிய வரிசையை இங்கே எழுதுகிறேன்.

1. பத்திர எழுத்தரிடம் போகும் முன் ஃபராயிள் தெரிந்த ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) போங்கள்

வாப்பா விட்டுச்சென்றது உம்மா, நாங்கள் அண்ணன் தம்பி இருவர், சகோதரிகள் மூவர். மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதியில் மகனுக்கு இரண்டு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். போட்டுப் பார்த்தால் உம்மாவுக்கு 1, சகோதரிகளுக்கு ஆளுக்கு 1, எங்களுக்கு ஆளுக்கு 2, ஆக மொத்தம் 8 என்று மிச்சமில்லாமல் வந்தது. அவ்வளவு சுத்தமாக வந்த கணக்கை யாரும் சந்தேகிக்கவில்லை. அதை வைத்தே வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். பத்திர எழுத்தரிடம் வரைவும் எழுதி வாங்கிவிட்டோம்.

பதிவுக்கு முன் பரக்கத்துக்காக ஒருமுறை காட்டிவிட்டு வரலாம் என்றுதான் மதரஸாவில் ஃபராயிள் நடத்தும் ஹஜ்ரத்திடம் போனோம். அவர்கள் வரைவைப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, இறந்தவரைக் குறிக்கும் மய்யித் என்ற அரபுச் சொல்லைத் தாளின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நீளமாக இழுத்து எழுதினார்கள். அந்தக் கோட்டின் கீழே வாரிசுகளை ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள். மனைவி, மகன்கள், மகள்கள் என்று எழுதிய பிறகு பென்சிலை நிறுத்தி, "உங்கள் வாப்பாவின் உம்மா அன்றைக்கு ஹயாத்தோடு (உயிரோடு) இருந்தார்களா?" என்று கேட்டார்கள். இருந்தார்கள். எங்கள் வாப்பும்மா, மகன் போன எட்டாவது மாதத்தில்தான் மவுத்தானார்கள். நாங்கள் கணக்குப் போடும்போது அவர்கள் இல்லாததால் அவர்களை எண்ணவே இல்லை.

பிள்ளைகள் இருக்கும்போது மறைந்தவரின் தாய்க்கு ஆறில் ஒன்று உண்டு. மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று என்பதால் அடிப்படை எண் 24 ஆனது. உம்மாவுக்கு 3, வாப்பும்மாவுக்கு 4, எஞ்சிய 17 எங்களுக்கு. 17-ஐ ஏழு பங்காக்க முடியாததால் 24-ஐ 7-ஆல் பெருக்கி 168 பங்குகளாக்கினார்கள். உம்மாவுக்கு 21, வாப்பும்மாவுக்கு 28, மகன் ஒவ்வொருவருக்கும் 34, மகள் ஒவ்வொருவருக்கும் 17. வாப்பும்மாவும் பங்கிடும் முன்பே மவுத்தாகிவிட்டதால் அவர்களுக்குக் கீழே இன்னொரு கோடு இழுத்தார்கள். ஒருவர் சொத்தைப் பிரிக்கும் முன் அவருடைய வாரிசும் இறந்துபோவதை முனாஸகா என்று இந்தக் கலையில் தனி அத்தியாயமாகவே வைத்திருக்கிறார்கள். வாப்பும்மாவின் 28 பங்கு, அவர்களுக்கு ஹயாத்தோடு இருக்கும் பிள்ளைகளான எங்கள் சாச்சாவுக்கு (வாப்பாவின் தம்பிக்கு) 14, மாமிமார் (வாப்பாவின் சகோதரிகள்) இருவருக்கும் ஆளுக்கு 7 என்று போயிற்று. பேரப்பிள்ளைகளான எங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. கடன் போக 84 இலட்சம் ரூபாய் சொத்து என்று வைத்துக்கொண்டால், அந்த 28 பங்கு 14 இலட்சம் ரூபாய். அதைத்தான் அறியாமல் நாங்கள் எடுத்துக்கொள்ளப் போனோம்.

ஆலிமைத் தேடும்போது மார்க்கம் படித்தவர் என்பது மட்டும் போதாது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், லால்பேட்டை மன்பவுல் அன்வார் போன்ற கல்லூரிகளில் ஓதியவர்கள் எல்லாருமே இதைப் படித்திருப்பார்கள் என்றாலும், தொடர்ந்து கணக்குப் போடுகிறவர்கள் சிலரே. ஃபராயிள் பாடம் நடத்துகிறவரையோ, பலமுறை ஃபத்வா (எழுத்தில் தரும் மார்க்க விளக்கம்) எழுதியவரையோ கேட்டு விசாரித்துப் போங்கள். மறைந்தவர் எந்த மத்ஹப் (இஸ்லாமியச் சட்ட மரபு) என்பதையும் சொல்லுங்கள். கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், ராவுத்தர்களும் உருது பேசுவோரும் வாழும் பகுதிகளில் ஹனஃபி மத்ஹபும் பெரும்பாலும் இருக்கின்றன. எங்களுடையது போன்ற கணக்கில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. பாட்டனாரும் உடன்பிறந்தவர்களும் சேர்ந்து வாரிசாகும் கணக்கிலும், விடுபட்ட ஸகாத் (கட்டாய தர்மம்), ஹஜ் ஆகியவற்றிலும் முடிவு மாறும்.

கேள்வியை எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். இதற்குக் கட்டணம் என்று எவரும் கேட்டதில்லை. எங்களுக்குப் பத்து நாள்களில் கிடைத்தது. ஃபத்வா நீதிமன்றத் தீர்ப்பு அல்ல, யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனாலும் வழக்கறிஞரும் பத்திர எழுத்தரும் வேலை செய்ய அதுதான் அடிப்படைத் தாள்.

2. மவுத்தான அந்த நாளின் பட்டியலை எழுதுங்கள்

வாரிசுரிமை, உயிர் பிரிந்த அந்த நொடியிலேயே உறுதியாகிவிடுகிறது. ஆகவே இன்று யார் இருக்கிறார்கள் என்று எழுதாமல், அன்று யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். தாய், தந்தை, பாட்டனார், பாட்டி, கணவன் அல்லது மனைவி, மகன்கள், மகள்கள், மகன் வழிப் பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்ற வரிசையில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அன்று ஹயாத்தா, இல்லையா என்று குறியுங்கள். உடன்பிறந்தவர்களில் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர், தந்தை மட்டும் ஒன்றானவர், தாய் மட்டும் ஒன்றானவர் என்பதைத் தனித்தனியே எழுத வேண்டும். மூவருக்கும் கணக்கு வேறு. அதன்பின் இறந்தவர்கள் இருந்தால் அவர்களுடைய தேதியையும் சேருங்கள். மனைவியோ மருமகளோ கருவுற்றிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அதிகம் மனம் நோகும் இடம் ஒன்று உண்டு. தந்தைக்கு முன்பே ஒரு மகன் இறந்து, அவனுடைய பிள்ளைகள் யத்தீமாக (தந்தையற்றவர்களாக) இருந்தால், இன்னொரு மகன் ஹயாத்தோடு இருக்கும்வரை அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு இல்லை. அதற்காகத்தான் வஸிய்யத் (உயில்) இருக்கிறது. வாரிசாக வராத அந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டனார் மூன்றில் ஒன்று வரை எழுதிவைக்கலாம். உங்கள் வீட்டில் இப்படி யத்தீம் பேரப்பிள்ளைகள் இருந்து, பாட்டனாரும் நல்ல நினைவோடு இருந்தால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு இன்றே அவர்களிடம் அந்தப் பேச்சை எடுங்கள். மவுத்துக்குப் பிறகு வாரிசுகளின் நல்ல மனத்தை நம்பியிருப்பதைத் தவிர வழி இருக்காது.

3. எது மய்யித்தின் சொத்து என்பதைப் பிரித்தறியுங்கள்

பங்குகளைப் போடுவதைவிட இதற்குத்தான் எங்கள் வீட்டில் அதிக நாள் பிடித்தது. எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வீட்டைப் பார்த்தால் நிலம் வாப்பாவுடையதாக இருக்கும், கட்டடம் சஃபரில் (வெளிநாட்டில்) இருக்கும் மகன் அனுப்பிய பணமாக இருக்கும், பத்திரம் உம்மா பெயரில் இருக்கும். இப்படியே மூன்றையும் கலந்து பங்கிட்டால் பகைதான் மிஞ்சும். மகன் அனுப்பிய ஒவ்வொரு தொகைக்கும் அவன் மனத்தில் என்ன இருந்தது என்பதை ஹஜ்ரத் கேட்பார்கள். வாப்பாவுக்கு உதவியாகக் கொடுத்தது என்றால் அது வாப்பாவின் சொத்து, எல்லா வாரிசுக்கும் பங்குண்டு. திருப்பித் தர வேண்டிய கடன் என்றால் முதலில் அந்தக் கடனைக் கழிக்க வேண்டும். அதற்குச் சாட்சியோ எழுத்தோ வேண்டும். என் தம்பி ஒன்பதாண்டு சவூதியிலிருந்து அனுப்பிய பணத்துக்கு வங்கிச் சீட்டுகள் இருந்தன. கடன் என்று ஒரு வரிகூட எங்கும் இல்லை. "வாப்பாவுக்குத்தான் கொடுத்தேன்" என்று அவனே சொன்னதால் பிரச்சினை முடிந்தது. எல்லா வீட்டிலும் அப்படி முடியாது. இப்போது வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள், எது உதவி, எது கடன் என்பதை வாப்பா இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வையுங்கள்.

ஹிபா (வாழும்போதே தரும் அன்பளிப்பு) என்று சொல்லிக்கொண்டு வரும் தாள்களையும் கவனியுங்கள். கொடுப்பதாகச் சொல்வதும், ஏற்பதும், கைவசம் ஒப்படைப்பதும் சேர்ந்தால்தான் ஹிபா நிறைவேறும். வாப்பா கடைசிவரை தாமே வாடகை வாங்கிக்கொண்டிருந்த கடையை, இவனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு வெள்ளைத்தாளைக் காட்டினால் போதாது. மாறாக, கடற்கரை ஊர்களில் மகளுக்குக் கல்யாணத்தோடு வீடு கொடுத்து, அவள் பெயருக்கு மாற்றி, அவளும் குடியிருந்து வந்தால் அந்த வீடு அவளுடையது, பங்குக்குள் வராது.

அப்படி வீடோ நகையோ பெற்ற மகளுக்கு மீதிச் சொத்தில் பங்கில்லை என்று சொல்வதுதான் நான் கண்ட தவறுகளிலேயே பெரியது. வாழும்போது கொடுத்த அன்பளிப்பு, வாரிசுப் பங்கிலிருந்து கழியாது. "உனக்குத்தான் எல்லாம் செய்தாச்சே" என்ற ஒரு சொல்லுக்கு வெட்கப்பட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் சகோதரிகள் எத்தனை பேர். ஒரு வாரிசு, தனக்குள்ள பங்கு எவ்வளவு என்று தெரிந்து, மனம் ஒப்பி, குறிப்பிட்ட ஒரு பொருளை வாங்கிக்கொண்டு விலகுவதற்கு தகாருஜ் என்று பெயர், அது செல்லும். தொகையே தெரியாமல், சபையில் வைத்து வாங்கிய சம்மதம் அதுவல்ல. உங்கள் சகோதரியிடம் அவளுடைய பங்கின் ரூபாய் மதிப்பை எழுதிக் கொடுத்து, குறைந்தது ஒரு வாரம் கழித்துப் பதில் கேளுங்கள்.

4. பங்குக்கு முன் கழிக்க வேண்டியவை

முதலில் கஃபன், தஃபன் (கஃபன் துணி, அடக்கம்) செலவு. அடுத்து கடன்கள், கொடுபடாத மஹரும் (கணவன் மனைவிக்குத் தர வேண்டிய மணக்கொடை) அதில் சேரும். நிக்காஹ் பதிவேட்டின் நகலை ஜமாஅத்தில் கேட்டுப் பாருங்கள், மஹர் பின்பு தருவதாக எழுதியிருந்தால் அது உம்மாவுக்கு வர வேண்டிய கடன். எட்டில் ஒன்று அதற்கு மேல் தனி. விடுபட்ட ஸகாத்தும், கடமையாகியும் செய்யாத ஹஜ்ஜும் ஷாஃபிஈ மத்ஹபில் சொத்திலிருந்து முதலில் நிறைவேற்றப்பட வேண்டிய கடன்கள். ஹனஃபி மத்ஹபில் வஸிய்யத் செய்திருந்தால்தான், அதுவும் மூன்றில் ஒன்றுக்குள். அதன்பின் வஸிய்யத், கடன் போக எஞ்சியதில் மூன்றில் ஒன்றுக்கு மிகாமல். வாரிசுக்கே வஸிய்யத் எழுதியிருந்தால் மற்ற வாரிசுகள், அதுவும் மவுத்துக்குப் பிறகு, சம்மதிக்க வேண்டும்.

5. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும்

இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. ஓராண்டைத் தாண்டிவிட்டால் மேலதிகாரியின் உத்தரவு பெறாமல் பதிவு செய்ய முடியாது. பெயர் எழுத்துக்கூட்டலைப் பத்திரத்தோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். எங்கள் வாப்பாவின் பெயர் பத்திரத்தில் ஒரு விதமாகவும் ஆதாரில் இன்னொரு விதமாகவும் இருந்தது. இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டியதாயிற்று.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பிறகு வட்டாட்சியர் வழங்குவார். மறைந்தவரின் தாயோ தந்தையோ அன்று ஹயாத்தோடு இருந்தால் அவர்கள் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். நாங்கள் விட்டுவிட்ட பெயர் இதுதான். திருத்தக் கேட்டபோது, புதிய விண்ணப்பம், வாப்பும்மாவின் இறப்புச் சான்றிதழ், அவர்களுக்குத் தனி வாரிசுச் சான்றிதழ் என்று ஐந்து மாதம் போயிற்று. இந்தச் சான்றிதழ் யார் வாரிசு என்று மட்டுமே சொல்லும். பங்கு எவ்வளவு என்று சொல்லாது. பிள்ளைகள் இல்லாமல் இறந்தவருக்கு உடன்பிறந்தவர்கள் வாரிசாகும்போது நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வதும் உண்டு. அதற்கு நேரம் ஒதுக்கி வையுங்கள்.

6. வங்கிப் பணம்

நாமினியாக இருப்பவர் வாரிசுகளுக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, வைப்புத்தொகை அவருடையதாகிவிடாது. உம்மா நாமினி என்றால் உம்மா பெற்று, ஃபத்வாவின்படி எல்லாருக்கும் அனுப்ப வேண்டும். ஆவணங்கள் முழுமையாக இருந்தால் 15 நாள்களுக்குள் தீர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைக் குறிப்பிட்டு விண்ணப்பத்துக்கு ஒப்புகை வாங்குங்கள். ஆயுள் காப்பீட்டில் 2015-இன் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நாமினி பற்றிய விதி வேறு என்பதால் அதை வழக்கறிஞரிடம் தனியே கேளுங்கள்.

7. சிறு பிள்ளைகளும் வெளிநாட்டில் இருப்பவர்களும்

வாரிசுகளில் 18 வயது நிறையாதவர் இருந்தால், அவருடைய பங்கைத் தாய் தாமாக விற்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது. ஷரீஅத் சட்டத்தில் சொத்துக்குக் காப்பாளர் தந்தை, அவர் நியமித்தவர், தந்தையின் தந்தை, அவர் நியமித்தவர். அவர்கள் இல்லையென்றால் நீதிமன்றம்தான் நியமிக்க வேண்டும். தாய் கையெழுத்திட்டு வாங்கிய பத்திரம் பின்னாளில் நிற்காது.

வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பமிட்ட பொது அதிகார ஆவணம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். தம்பியின் ஆவணம் உறையோடு அலமாரியில் இருந்தே காலம் கடந்துபோய், இரண்டாவது முறை ரியாத் தூதரகத்துக்கு அவன் போக நேர்ந்தது.

8. பாகப்பிரிவினைப் பத்திரம்

தேவையானவை: மூலப்பத்திரங்கள், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, இறப்புச் சான்றிதழ்கள், வாரிசுச் சான்றிதழ்கள், எல்லாருடைய அடையாள அட்டைகள், இரண்டு சாட்சிகள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

குடும்பத்தாருக்குள் பாகப்பிரிவினைக்கு 2023 ஜூலை முதல் ஒவ்வொரு பங்குக்கும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். கட்டுகிற நாளில் மறுபடி சரிபாருங்கள். எங்களைப் போல் முனாஸகாவில் சாச்சா, மாமி பங்காளிகளாக வந்தால், குடும்பம் என்று சட்டம் பட்டியலிடும் உறவுக்குள் அவர்கள் அடங்குவார்களா என்பதை வரைவு எழுதும் முன்பே சார்பதிவாளரிடம் கேட்டுவிடுங்கள். வெளியே என்றால் செலவு பல மடங்காகும். தாமதத்தால் வாரிசுகள் கூடுவது கணக்கை மட்டுமல்ல, கட்டணத்தையும் ஏற்றுகிறது.

ஃபத்வாவில் உள்ள பின்னங்களை அப்படியே வரைவில் எழுதச் சொல்லுங்கள். "ஏறக்குறைய" என்ற சொல் எங்கேயும் வரக்கூடாது. கையெழுத்தான பத்திரத்தை 4 மாதங்களுக்குள் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும். உம்மா இத்தாவில் (கணவன் இறந்தபின் மனைவி இருக்கும் காத்திருப்புக் காலம்) இருந்தால், அந்த 4 மாதம் 10 நாள் முடியும்வரை காத்திருந்து அதன் பிறகு கையெழுத்திடலாம். அவசரம் என்றாலோ நடக்க முடியாதவர்கள் இருந்தாலோ கூடுதல் கட்டணத்தில் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்ய வழி இருக்கிறது.

9. பட்டா மாறுதல்

பத்திரம் பதிவானதும் வேலை முடிந்துவிட்டதாக விட்டுவிடாதீர்கள். நிலம் பிரிகிறது என்றால் உட்பிரிவுக்குத் தனியே விண்ணப்பித்து, நில அளவர் வரும் நாளில் பங்காளிகள் நேரில் நின்று கல் நடும் இடத்தைப் பார்க்க வேண்டும். மின் இணைப்பு, குடிநீர், வீட்டு வரி ஆகியவற்றையும் அந்த வாரத்திலேயே மாற்றிவிடுங்கள்.

ஹஜ்ரத் கோடு இழுத்து எழுதிய அந்தத் தாளை ஒன்பது நகல் எடுத்து, ஒன்பது வாரிசுகளும் பத்திர நகலோடு சேர்த்து வைத்திருக்கிறோம். எங்களில் ஒருவர் மவுத்தானால் அவருடைய பிள்ளைகள், கணக்கை அந்தத் தாளில் அவர் பெயருக்குக் கீழிருந்து தொடங்கிக்கொள்ளலாம்.